பொருள்: தவறான குழாய்ச் சீட்டுகளும் காற்றுப்போக்கிக் குழாயில் பொருத்தப்பட்ட வால்வும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் ஹாரோவில் உள்ள எங்கள் பழைய வீட்டின் வெப்பமூட்டல், வெந்நீர்க் குழாய்களை இனங்கண்டு, ஒவ்வொன்றிலும் தமிழில் பெயர்ச்சீட்டு கட்டித் தருவதற்காக உங்களுக்குத் தனிக் கட்டணம் செலுத்தினோம். நாங்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருக்கும் என் மாமியாருக்கும் புரியவேண்டும் என்பதே நோக்கம். சீட்டுகள் அழகான தமிழில்தான் இருக்கின்றன. எழுதியிருப்பதுதான் தவறு.

வெந்நீரைச் சேமித்து வைக்கும் சிலிண்டரின் உச்சியிலிருந்து கிளம்பும் 22 மி.மீ. செப்புக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை குளியலறைக்குப் போகிறது. மற்றது பரணுக்கு ஏறி, பெரிய குளிர்நீர்த் தொட்டியின் மேல் வளைந்து, வாய் திறந்து நிற்கிறது. வெப்பநிலைக் கட்டுப்பாடு பழுதாகி நீர் கொதித்தால் ஆவி வெளியேற அந்தக் காற்றுப்போக்கிக் குழாய்தான் வழி. அதில் எந்த வால்வும் இருக்கவே கூடாது. உங்கள் ஊழியர் அந்தக் குழாயில் ‘குளியலறை வெந்நீர்’ என்று சீட்டுக் கட்டினார். பரணில் ஏறிப் பார்க்கவில்லை, ஏணிகூடக் கேட்கவில்லை.

பிறகு குளியலறை வேலைக்கு வந்த உங்கள் இன்னொரு ஊழியர், சீட்டை நம்பி அதிலேயே ஒரு வால்வைப் பொருத்திவிட்டார். அதை மூடியும் வெந்நீர் நிற்கவில்லை. கேட்டதற்கு, “புது வால்வு, பழகினால் சரியாகிவிடும்” என்றார். பழகுவதற்கு அது என்ன செருப்பா? இந்த வால்வோடு, சிலிண்டரின் அடியில் வரும் குளிர்நீர்க் குழாயின் வால்வையும் யாராவது மூடிவிட்டால், சூடேறி விரியும் நீருக்குப் போக்கிடமே இல்லை.

மற்றச் சீட்டுகளும் இதே லட்சணம்தான். பரணிலுள்ள சிறிய தொட்டி பாய்லருக்கும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையே சுற்றும் நீருக்கு உரியது. அதிலிருந்து இறங்கும் 15 மி.மீ. குழாயில் ‘குளியலறைக் குளிர்நீர்’ என்று இருக்கிறது. பெரிய தொட்டியின் குழாயில் ‘ரேடியேட்டர்’ என்று இருக்கிறது. நாளை யாராவது இதை நம்பி ரேடியேட்டர்களுக்கான துருத்தடுப்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நாங்கள் அதில்தான் குளிக்கவேண்டும். சிலிண்டரின் பக்கவாட்டிலுள்ள இரண்டு குழாய்களில் முதலில் சூடாவது பாய்லரிலிருந்து வருவது, மற்றது திரும்பிப் போவது. பாய்லரைப் போட்டுவிட்டுக் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அதையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

2015ஆம் ஆண்டின் பிரித்தானிய நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டியது உங்கள் கடமை. தவறினால் செலவின்றித் திரும்பச் செய்து தரவேண்டும். ஆகவே அந்த வால்வை உடனே அகற்றிக் குழாயைப் பழையபடி இணைத்துத் தாருங்கள். பரணில் ஏறித் தொட்டிகளிலிருந்து குழாய்களைத் தொடர்ந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்பி எல்லாச் சீட்டுகளையும் மாற்றுங்கள். வால்வுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். வால்வின் கைப்பிடியைக் கழற்றி வைத்திருக்கிறேன், வருபவரிடம் ஒப்படைக்கிறேன். எந்த நாளில் வருவார் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஹாரோ, லண்டன்