உளி பிடித்தவர்கள் மரத்துக்கு எதிரிகளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மரம் வளர்க்கும் அறக்கட்டளை ஒன்றைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல காரியம்தான் செய்கிறார்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'மரத்தில் உளி வைப்பவன் மரத்துக்கு எதிரி' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அது மனசைக் குத்திவிட்டது. நான் குத்தாலம் பக்கத்துத் தச்சன். எங்கள் தாத்தா வாய்க்கால் கரையில் வண்டி வேலைக்கு ஒரு பூவரசு வெட்டினால், அன்றைக்கே அதன் கிளையில் இரண்டு போத்து வெட்டி அதே கரையில் ஊன்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

உங்களுக்குத் தெரியாததா? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கையில் இருந்த பாரி நாயனம் என்கிற நீளமான நாதஸ்வரம் அந்த ஊர்ப் பட்டறையில் உருவானது. அதற்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பல வருஷம் காய்ந்தது. பச்சை மரத்தைக் கடைந்தால் வெடித்துவிடும். அதனால் எங்கே பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேட்டு, உத்திரத்துக்கு அலைகிறார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலா, தேருக்கு இலுப்பை. உளி இல்லாமல் இதெல்லாம் வந்ததா?

மரத்தை மதிக்காதவர்கள் வேறு ஆட்கள், ஐயா. எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்தியபோது இலுப்பைகளைச் சாய்த்தார்கள். வெட்டிய முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் கைப்பிடி கூட ஓட்டை இல்லை, செக்கச்செவேலென்று வைரம் பாய்ந்திருந்தது. எது பலகைக்கு ஆகும் என்று ஒரு தச்சனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மொத்தமும் துண்டு துண்டாகச் சூளைக்குப் போனது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னையைப் பற்றி எல்லாரும் எழுதினீர்கள். சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் கூடவே விழுந்த மாவும் பலாவும் விறகு விலைக்குப் போனதை உங்கள் பத்திரிகை உட்பட யாரும் எழுதவில்லை. அப்புறம் எங்கள் ஊர்ப் பள்ளியில் கன்று நடும் விழா. படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. வேலி கட்டாத கன்றுகளை ஆடு மேய்ந்துவிட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அறக்கட்டளைக்காரர்களிடம் அடுத்த முறை பேசும்போது, எங்கள் பக்கத்துக்கு இலுப்பைக் கன்றும் கொஞ்சம் கொடுக்கச் சொல்லுங்கள். வேலி நாங்கள் கட்டிக்கொள்கிறோம். அந்த வரிக்கு ஒரு வருத்தம் போட்டால் பட்டறையில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
குத்தாலம் வட்டம்.