அச்சுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வண்டியை உயர்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின்மேல் உடலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, உயர்த்திப் பெரிய டயர் மாட்டிக்கொள்ளும் வழக்கம் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்ப் பகுதிகளில் பரவி வருவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் எந்த மண்ணுக்கு எந்த டயர், அந்த டயருக்கு எவ்வளவு உயரம், அப்படி உயர்த்தினால் அடியில் உள்ள மற்ற உறுப்புகள் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவன் நான். அந்தக் கட்டுரையில் சொல்லப்பட்டதைச் சில ஆண்டுகளுக்கு முன் சொந்தச் செலவில் செய்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று நான் போன பட்டறையில் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை இஞ்சு தூக்கோணும்ங்க?" என்பதுதான். இரண்டு அங்குலம் என்றேன். ஏன் இரண்டு என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. தோப்பில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளிலும், தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையான இட்டேரியில் துருத்திக்கொண்டிருக்கும் கற்களிலும் என் வண்டி இரண்டு மூன்று முறை முட்டியிருந்தது. உயர்த்தினால் முட்டாது என்று நினைத்தேன். எது முட்டியது என்று குனிந்து பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. முட்டியது பின் அச்சின் (ஆக்சிலின்) நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங் அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் (சேஸிஸ்) நடுவே நிற்கும் பொருள். அதை நீளமாக்கினால் சட்டமும் அதன்மேல் உள்ள உடலும் உயருமே தவிர, சக்கரத்தோடு சேர்ந்து ஓடும் அச்சு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அச்சை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனியே ஏறி இறங்கும் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் முன் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பிணைந்திருப்பதால் அது உயரும் என்பது உண்மை. என் தோப்பில் முட்டியது பின்னால் இருப்பது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியோடு வந்த டயர் 245/75 ஆர்16. அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரிம் 16 அங்குலம் என்று அதற்குப் பொருள். கூட்டிப் பார்த்தால் விட்டம் ஏறத்தாழ 774 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு நான் மாட்டியது 285/75 ஆர்16. அதன் விட்டம் 834. வித்தியாசம் 60, அதில் பாதி 30. அதாவது ஸ்பிரிங், டயர், கூலி என்று எல்லாம் சேர்த்துச் செலவழித்த பிறகு, முட்டிக்கொண்டிருந்த அந்த இடத்துக்குக் கீழே எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது மூன்று சென்டிமீட்டர். வண்டியின் உடலோ எட்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இந்த மூன்று சென்டிமீட்டருக்குக் கொடுத்த விலை பணத்தோடு முடியவில்லை. டயர் விட்டம் ஏழே முக்கால் விழுக்காடு கூடியதால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-க்கு மேல் ஓடியது. மீட்டரில் 10,000 கிலோமீட்டர் ஏறும்போது உண்மையில் 10,775 ஓடியிருந்தது, ஆயில் மாற்றும் கணக்கும் அதற்கேற்பத் தள்ளிப்போனது. இன்ஜின் தரும் இழுவை சாலைக்குச் சேரும்போது ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்துவிடுவதால், முன்பு மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்தில் இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. பிரேக்கும் அப்படியே, பெரிய, கனத்த சக்கரத்தை அதே பழைய பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். செலவைப் பார்த்து நான்கு டயரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்டெப்னியும் அதே அளவில் இருந்தாக வேண்டும். விட்டம் வேறுபட்ட ஒரு சக்கரத்தோடு நான்கு சக்கர இழுவையைப் போட்டுக் கெட்டித் தரையில் ஓட்டினால் கியர்ப்பெட்டியும் அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவதையும் வாங்கிப் பின்கதவில் தொங்கவிட்டால், அந்தக் கதவின் கீல் அந்தக் கனத்துக்காகச் செய்யப்பட்டதில்லை.

முன்பக்கம் நேர்ந்ததுதான் பெரிய கூத்து. நம் கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அளவைச் சொன்னால் மாலைக்குள் எதையும் கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் திறமை நமக்குப் பெருமைதான், ஆனால் அளவைச் சொல்பவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அங்குலம் உயர்த்த இரண்டு அங்குல அலுமினிய வளையம் என்று எளிதாகக் கணக்குப் போட்டு, முன் ஸ்பிரிங்கின் தலையில் வைத்து இறுக்கிவிட்டார்கள். தனித்தனிச் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங், சக்கரத்துக்கு நேர்மேலே இல்லாமல், உள்ளே தள்ளி, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதன் தலையில் ஓர் அங்குலம் வைத்தால் சக்கரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்காக வெளிப்படும். நெம்புகோலின் கணக்குத்தான், பள்ளிக்கூடத்தில் படித்தது. விளைவாக மேல் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் தாங்க முடியாத சாய்வில் வேலை செய்து, நான்கே மாதத்தில் அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் முழுவதும் டிஸ்க்கின் உட்புறம் தெறித்திருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் கீழே தொங்கியபோது பிரேக் ஆயில் போகும் ரப்பர்க் குழாயான பிரேக் ஹோஸ் நரம்புபோல் இழுபட்டு நின்றதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

முன்னும் பின்னும், இடது வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் நேர் அச்சு உள்ள வண்டிகளில் இந்த வகைத் தொல்லை இல்லை, வேறு வகை உண்டு. மாருதி ஜிம்னி போன்று சுருள் ஸ்பிரிங் உள்ளவற்றில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பன்ஹார்டு ராடு, உயர்த்தியதும் அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும். கேஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துபோய், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை இழக்கும். பழைய ஜிப்ஸி போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதும், பட்டையின் நுனியைச் சட்டத்தோடு பிணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போடுவதும் மலிவான வழிகள். முதலாவதில் ஸ்பிரிங் விறைத்து, உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு பழுதாகும், இரண்டாவதில் மேற்சொன்ன ஸ்டீயரிங் கோளாறு வரும்.

இவற்றையெல்லாம் சமவெளியில் ஓட்டும்போது மறந்திருக்கலாம். ஆனால் நம் பகுதியில் பல திசைகளில் சில மணி நேரம் போனாலே மலைப்பாதை வந்துவிடுகிறது. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. வால்பாறையிலிருந்து இறங்கிய ஒரு நாள், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும் ஒவ்வொரு வளைவிலும் டயர் மட்காடின் உட்புறத்தில் உரசும் சத்தத்தை நாற்பது முறை கேட்டுக்கொண்டே வந்தேன். எடை மேலே போய்விட்டதால் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது. முகப்பு விளக்குகளும் உயர்ந்து, எதிரே வருபவர்களின் கண்ணுக்கு நேராக அடித்தன. அவர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டதன் காரணம் எனக்கு ஆழியாறு வந்த பிறகுதான் விளங்கியது. விளக்கின் கோணத்தைத் திருகி இறக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பட்டறையில் யாருக்கும் அது தோன்றவில்லை.

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கும், கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையத்துக்கும் ஆளும் சரக்கும் ஏற்றிப்போன பழைய ஜீப்புகளைத் தங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். குரும்பூர்ப் பள்ளத்தில் தண்ணீர் ஓடும் நாட்களிலும் இறங்கி ஏறிய அந்த ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 6.00-16 என்ற ஒல்லியான டயர்தான். ஒல்லியான டயர் சேற்றின் மேல் மிதக்காமல் அறுத்துக்கொண்டு போய் அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். நம் செம்மண் தோட்டங்களிலும் சரளைக் காடுகளிலும் கெட்டித் தரை ஒரு சாணுக்குள் கிடைத்துவிடுவதால் இதுவே போதும். சூலூர், பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் வேறு கதை: அது டயர் பட்டன்களின் இடுக்கில் அப்பிக்கொண்டு டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அங்கே அகலத்தைக் கூட்டுவதைவிட, பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள, சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயர் மண்ணைத் தானே உதறித் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் ஆண்டில் முப்பது நாள் சேறும் மீதி நாள் தார்ச்சாலையும் ஓட்டுபவருக்கு அந்த டயர் இரைச்சலும் ஈரச்சாலையில் பிடிப்புக் குறைவும்தான் தரும். அவருக்குச் சாலை, மண் இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரைன் வகை பொருந்தும். எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள, டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமை எண் பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும், தயாரித்த வாரமும் ஆண்டும் சேர்ந்த நான்கு இலக்க எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

எல்லாவற்றிலும் மலிவான வழியை யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் சொல்வதும் இல்லை. சேற்றிலோ ஆற்று மணலிலோ இறங்கும் முன் டயர்க் காற்றை 30 பவுண்டிலிருந்து 18, 20 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து, தரையைப் பிடிக்கும் பரப்புக் கூடிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடிச் சாரல் இறங்கும் நாட்களில், 285 டயரோடு நான் சிக்கி நின்ற அதே ஓடைக்கரையில் இப்போது பழைய அளவு டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறிவிடுகிறேன். வேண்டியது காற்று அளக்கும் மீட்டரும், திரும்பத் தார்ச்சாலைக்கு வரும்போது காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரசரும்தான். காற்றை நிரப்பாமல் வேகம் எடுப்பது டயரைக் கொன்றுவிடும்.

சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை வண்டிக்காரருக்கு, மாட்டிக்கொடுத்த பட்டறைக்கு இந்த உட்பிரிவில் ஒன்றும் இல்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான்.

அப்படியானால் யாரும் உயர்த்தவே கூடாதா என்று கேட்கலாம். தனியார் நிலத்தில் நடக்கும் போட்டிகளுக்கென்றே வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது தேவைதான். அவர்கள் முதலில் டயரைத் தீர்மானித்து, அந்த டயர் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் உயர்த்தி, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றுக்கொன்று பொருந்திய தொகுப்பாக வாங்கி, நீளமான பிரேக் ஹோஸ், திருத்திய மேல் கை அல்லது பன்ஹார்டு ராடு, அலைன்மென்ட் என்று கடைசிவரை செய்து முடிக்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் என் கதைதான். மற்றபடி, 2020-இல் வந்த மஹிந்திரா தார் 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியோடும், 2023-இல் வந்த ஜிம்னி 693 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய டயரிலேயே 210 மில்லிமீட்டரோடும் ஆலையிலிருந்து வருகின்றன. தோப்புக்கும் இட்டேரிக்கும் இதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வெளியிடும்போது, டயர் அளவைப் படிக்கும் முறையையும் விட்டக் கணக்கையும் ஒரு சிறிய பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்து வெளியிடுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் இதன் வழியாக ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன்: எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று தமிழில் ஒரு பலகை எழுதி வைத்தால், அபராதம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதை முன்பே தெரிந்துகொள்வோம்.

என் வண்டி பழைய ஸ்பிரிங்குக்கும் 245/75 ஆர்16 ஆல் டெரைன் டயருக்கும் திரும்பிவிட்டது. மூட்டுவலி உள்ள என் அம்மா அதில் ஏறுவதற்காக அந்த நாட்களில் வைத்திருந்த முக்காலி மறுபடியும் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. கழற்றிய அலுமினிய வளையங்கள் தோட்டத்துச் சாளையில் கிடக்கின்றன. வண்டியை உயர்த்தப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும் பங்காளி வீட்டுப் பையன்களிடம் அவற்றைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்து, அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
ஆனைமலை.