நடுங்கினால் நடுங்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோர்ட்டில் எழுந்ததும் முகம் சிவந்து, கையிலிருந்த கேஸ் கட்டு ஆடியதை ஜட்ஜே பார்த்துவிட்டார் என்று ஃபோனில் அழுதாய். இந்தத் தொழில் எனக்கு ஒத்துவராது என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரோமில் லூசியஸ் கிராசஸ் என்று ஒரு வக்கீல். கி.மு. 95இல் கான்சல் என்ற உச்சப் பதவிக்கு வந்தவர், பேச்சில் பெரிய புலி. சின்ன வயதில் ஒரு வழக்கைத் தொடங்க எழுந்தவர் அப்படியே வெலவெலத்துப் போனாராம். அதைப் பார்த்த, விசாரணையை நடத்திய குயின்டஸ் மேக்சிமஸ் உடனே அதைக் கலைத்துவிட்டார். பேர் வாங்கிய பிறகும் பேச்சைத் தொடங்கும்போது முகம் வெளுக்கும், கைகால் உதறும் என்று கிராசஸே சொல்வதாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார்.

இந்தக் கூச்சத்துக்கும் பழிக்கு அஞ்சும் குணத்துக்கும் சேர்த்து ரோமானியர்கள் வைத்திருந்த பெயர் ‘புடோர்’. கிராசஸிடம் அது ஏராளம். அது அவர் பேச்சைக் கெடுக்கவில்லை, இவர் யோக்கியமானவர் என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கியது என்கிறார் சிசரோ.

ரோமானியத் தளபதி பாம்பீ ஊர் ஊராக ஜெயித்தவர். அவரும் கூட்டத்துக்கு முன்னால் முகம் சிவக்காமல் நின்றதில்லை என்கிறார் தத்துவஞானி செனெக்கா. எவ்வளவு ஞானம் வந்தாலும் இது போகாதாம். நடிகர்கள் பயத்தை நடிப்பார்கள், துக்கத்தை நடிப்பார்கள். நாணம் என்றால் தலையைக் குனிந்து குரலைத் தாழ்த்துவார்கள். முகத்தைச் சிவக்கவைக்க மட்டும் அவர்களால் ஆகாது.

அதற்காகச் சிவந்த முகமெல்லாம் நல்ல முகம் என்று நினைத்துவிடாதே. ரோமின் சர்வாதிகாரி சுல்லா முகம் சிவந்தால் யாருக்கோ ஆபத்து. பேரரசன் டொமிஷியனுக்கு எப்போதுமே சிவந்த முகம். வெட்கம் தெரியாமலிருக்க அதுவே அவனுக்குக் கவசம் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குத்திக்காட்டுகிறார்.

உன் சீனியர் சிரித்தார் என்றாயே. எவ்வளவு நன்றாகப் பேசினாலும், தொடக்கத்தில் கொஞ்சமும் கலங்காதவர்கள் எனக்கு வெட்கங்கெட்டவர்களாகவே தெரிகிறார்கள் என்பது கிராசஸின் வாதம். இதை உன் சீனியரிடம் போய்ச் சொல்லிவைக்காதே!

கிராசஸுக்கும் நடுக்கம் தொடக்கத்தில்தான். அதனால் முதல் நாலு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள். கேஸ் கட்டைக் கையில் பிடிக்காமல் மேஜைமேல் வை. அடுத்த வாய்தா என்றைக்கு என்று சொல். அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள், வந்ததும் ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அப்பா