பேஸ் கிட்டார் கற்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பேஸ் கிட்டார் வகுப்பில் சேர்ந்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். "நான் வாசிக்கிறது யார் காதிலும் விழவில்லை" என்று அலுத்துக்கொண்டாயாம். கீழ்ச் சுருதியில் பாட்டுக்கு அடியில் ஓடுகிற வாத்தியம் அது, அப்படித்தான் தோன்றும். நீ இருக்கிற டெட்ராய்ட், ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கலைஞர் வாசித்த ஊர். அவரைப் பற்றி உன்னிடம் பேசவேண்டும் என்று அன்றிலிருந்தே மனசு பரபரக்கிறது.

அங்கே வெஸ்ட் கிராண்ட் புல்வார்டு தெருவில் 2648ஆம் எண் வீட்டை 1959இல் பெர்ரி கோர்டி வாங்கினார். அதுதான் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் இடம். வீட்டின் பின்பக்கத்து கராஜையே ஸ்டுடியோ ஆக்கினார்கள். மேலிருந்து கேபிள்களாகத் தொங்கும். அதனால் அங்கே வாசித்தவர்கள் அதைப் 'பாம்புக் குழி' என்றே அழைத்தார்கள். 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற அந்தக் கூட்டத்தில் பலரும் ஜாஸ் ஆட்கள். ஸ்டுடியோ வேலை முடிந்ததும் கிளப்புகளுக்குப் போய்த் தங்களுக்குப் பிடித்ததை வாசிப்பார்கள்.

ஜேமர்சனும் அப்படித்தான். தென் கரோலினாவில் பிறந்து, பதின்ம வயதில் டெட்ராய்ட் வந்து, பள்ளியில் ஆளுயர டபுள் பேஸ் பழகியவர். அப்புறம்தான் எலக்ட்ரிக் பேஸுக்கு மாறினார். பழைய பழக்கத்தில் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டுவார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரே உண்டு. 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் என்ற பேஸ் கிட்டார் அவருடையது. அதன் தந்திகளை அறுந்தாலொழிய மாற்றமாட்டார்.

'மை கேர்ள்' பாட்டைப் போட்டுப் பார். முதலில் வருவது குரல் இல்லை, ராபர்ட் வைட்டின் கிட்டாரும் இல்லை, ஜேமர்சனின் பேஸ். அங்கே அடக்கமாக நிற்பார். அதே மனிதர் 1968இல் வந்த 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாட்டில் ஸ்டீவி வொண்டரின் குரலுக்குக் கீழே ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! ஒரு இடத்தில் வாசித்ததை அடுத்த இடத்தில் அப்படியே வாசிப்பது அபூர்வம். பல நேரம் அவர் கையில் பாட்டின் கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) குறித்த தாள் மட்டும்தான் இருக்கும். மீதி அவரே அந்த நிமிஷத்தில் கட்டியது. அவர் வாசித்ததில் இந்தப் பாட்டுதான் உச்சம் என்பேன். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பாட்டுக்காக, கிளப்பில் இருந்த ஜேமர்சனை மார்வின் கேயே தேடிப் பிடித்து வந்ததாகவும், உட்கார முடியாத அளவு குடித்திருந்ததால் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்ததாகவும் சொல்வார்கள்.

1971இல் அதே பெயரில் வந்த ஆல்பத்தின் உறையில்தான் மோட்டவுன் முதன்முதலாக வாசித்தவர்களின் பெயர்களைப் போட்டது. அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேலாக எத்தனை பாட்டு! ரேடியோவில் கேட்டவர்கள் யார் வாசித்தது என்று தெரியாமலே கேட்டார்கள். எனக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை. அடுத்த வருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்விட்டது. அவரும் பின்னாலேயே போனார், பழைய இடம் கிடைக்கவில்லை. குடி உடம்பைத் தின்றது. 1983இல் இறந்தபோது வயது 47. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000இல்தான்.

டெட்ராய்டில் ஸ்டுடியோ இருந்த அந்த வீடு இப்போது மோட்டவுன் அருங்காட்சியகம். அங்கே ஒருதடவை போய்விட்டு வா.

அப்புறம் ஒரு விஷயம். அவரைப் பார்த்து நீயும் ஒற்றை விரலுக்கு மாறிவிடாதே. ஆசிரியர் சொல்லித்தரும் இரண்டு விரலையே வைத்துக்கொள். பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நாலு நாலு தாள வட்டமாகக் கேட்டு வாசி. அவர் எந்த இடத்தில் வாசிக்காமல் விடுகிறார் என்பதையும் கவனி. விரல் நுனி கொப்பளித்தால் இரண்டு நாள் விட்டுவிடு, பிடிவாதம் பிடிக்காதே.

அன்புடன்,
அப்பா