லீவே போடாதவர் வரைந்த போலீஸ்காரன்

நிஷி-கசாய், டோக்கியோ
25.9.2016

அன்புள்ள மாரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஏட்டு ஆகிவிட்டாய் என்று படித்ததும் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்தவன் இனி மற்றவனைப் பிடிக்கப் போகிறானாம்! அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏற விடாதே.

உடனே பதில் எழுதாததற்குக் காரணமும் ஒரு போலீஸ்காரன்தான். பெயர் ரியோட்சு கான்கிச்சி. ஒன்றோடொன்று ஒட்டிப்போன புருவம், மடித்துவிட்ட சட்டைக்கை, காலில் செருப்பு. நாற்பது வருடமாக வாராவாரம் 'ஷோனென் ஜம்ப்' இதழில் வந்துகொண்டிருந்த 'கோச்சிகாமே' என்ற மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், நாயகன். போன வாரம் சனிக்கிழமை, 17ஆம் தேதி, கதை முடிந்துவிட்டது. வழக்கமாகத் திங்களன்று கடைக்கு வரும் இதழ். திங்கள் அரசு விடுமுறை என்பதால் இரண்டு நாள் முந்தியே வந்தது. அதே நாளில், கதைகளைப் புத்தகமாகத் தொகுக்கும் வரிசையில் 200ஆவது தொகுதியும். இரண்டையும் வாங்கிக்கொண்டு ரயிலில் பிரிக்க மனமில்லாமல் வீடுவரை வந்தேன்.

முழுத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இது கட்சுஷிகா வார்டு, காமேஅரி பூங்கா முன் அவுட் போஸ்ட்' என்று வரும். போனை எடுத்ததும் நீ ஸ்டேஷன் பெயர் சொல்வாயே, அதே தொனி. நான் காமேஅரிக்குப் போய்ப் பார்த்தேன். பூங்கா இருக்கிறது, அதன் முன்னால் அவுட் போஸ்ட் இல்லை! ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில்தான் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே ரியோட்சுவுக்கு வெண்கலச் சிலை. நிஜ போலீஸுக்குச் சிலை வைத்து நான் பார்த்ததில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இவன் என்னதான் செய்வான்? டியூட்டி நேரத்தில் பிளாஸ்டிக் பொம்மை ஒட்டுவான், குதிரைப் பந்தயத்தில் பணம் விடுவான், ஊரெல்லாம் கடன் வைப்பான். திடீரென்று ஒரு பிசினஸ் யோசனை வரும். அது கிடுகிடுவென வளரும், கடைசிப் பக்கத்துக்கு முன் பேராசையால் கவிழும். மேலதிகாரி ஓஹாரா ஆயுதத்தோடு தேடி வருவார், இவன் ஓடிப்போயிருப்பான். கூட வேலை பார்க்கும் நாகாகாவா பெரும் கோடீஸ்வரன். அவன் ஏன் கான்ஸ்டபிள் வேலை பார்க்கிறான் என்று மட்டும் கேட்காதே.

இந்தச் சோம்பேறியை வரைந்த அகிமோட்டோ ஒசாமு, 1976இல் தொடங்கி ஒரு வாரம்கூட லீவு போடவில்லை. 1960 அத்தியாயங்கள்! ராத்தூக்கம் கெட்டு வரைவது இந்தத் தொழிலில் சாதாரணம். இவர் ஸ்டுடியோவிலோ உதவியாளர்களுக்கு ஆபீஸ் போல நேரக் கணக்கு, வருகைப் பதிவு அட்டை. நாற்பது வருட ஒழுங்கைத் தின்று வளர்ந்தவன்தான் அந்த ஒழுங்கீனன். கடைசியில் அவரை யாரும் நிறுத்தச் சொன்னதாகத் தெரியவில்லை. இந்த மாதம் 3ஆம் தேதி, கான்டா மியோஜின் கோயிலுக்குத் தன் கையால் வரைந்த படச்சுருளைக் காணிக்கை கொடுத்த இடத்தில், போதும் என்று அவரே அறிவித்தார்.

எனக்கு ஜப்பானியம் வந்ததே இவனால்தான். பழைய புத்தகக் கடையில் ஒரு தொகுதி 108 யென். கடினமான எழுத்துகளின் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். விளைவு, ஆபீஸில் ஒருமுறை ரியோட்சு பாணியில் பேசிவைத்து மேனேஜர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். பிந்தைய தொகுதிகளில் பல, புதுக் கருவிகளுக்கு விளக்கக் கையேடு படிப்பது போலிருக்கும். ஆனால் ரியோட்சுவின் பால்ய காலக் கதைகள் வேறு ரகம். டோக்கியோவின் ஆசாகுசா பகுதித் தெருக்களில் அரைக்கால் சட்டையோடு திரிந்த பையன். டோக்கியோவிலேயே செஞ்சு என்ற இடத்து அனல்மின் நிலையத்தில் நான்கு புகைபோக்கிகள் இருந்தனவாம். நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒன்றாக, இரண்டாக, மூன்றாகத் தெரியுமாம். 'பேய்ப் புகைபோக்கி' என்பார்கள். 1964இல் இடித்துவிட்டார்கள். அவற்றையும், கொஞ்ச காலமே பாடம் நடத்திவிட்டுப் போகும் ஒரு டீச்சரையும் சேர்த்து ஒரு கதை. படித்ததும் நம் சரஸ்வதி டீச்சர் மாற்றலாகிப் போன நாள் ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் நீ ஓடினாய். நான் ஓடவில்லை, ஏன் என்று இன்னும் புரியவில்லை.

ஹிகுராஷி என்று இன்னொரு போலீஸ்காரன் உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஒலிம்பிக் நடக்கும் வருடத்தில் மட்டும் தூக்கம் கலைந்து டியூட்டிக்கு வருவான். அடுத்த ஒலிம்பிக் 2020இல் இதே டோக்கியோவில் என்று அறிவித்திருக்கிறார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் வந்து நிற்கும்போது, அவுட் போஸ்ட் இழுத்து மூடியாகிவிட்டது என்று யார் சொல்வது?

பொங்கலுக்கு வருகிறேன். நீ இப்போதே லீவு எழுதிக் கொடு. கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் எழுதிக் கொடு.

உன்,
செந்தில்