அந்தக் கசெற்றின் முதல் பாட்டு

லிவர்பூல்
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது, "ஏன்ரா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டீர்கள். தடிமன் என்று சொன்னேன். தடிமன் இல்லை. உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தா, போனும் ஸ்பீக்கரில் இருந்தது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

இங்கே இப்போது பின்னேரம் நாலரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடுகிறது. மேர்சி ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று ஜக்கெற்றுக்குள்ளும் புகுந்துவிடும். குளிருக்குப் பழகிவிட்டேன், இந்த இருட்டுக்குத்தான் இன்னும் பழகவில்லை. வேலை அதே முதியோர் இல்லத்தில்தான். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பது. கஷ்டம்தான், ஆனால் வெறுப்பு இல்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில் நான் செய்திருக்க வேண்டியதை இங்கே யாரோ ஒருவருக்குச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

வந்த புதிதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. எங்கள் ஊரில் எண்பது வயது ஆச்சி என்றால் சுவரில் சாமிப் படம் இருக்கும், காலையில் தேவாரம் கேட்கும். இங்கே ஒரு ஆச்சியின் சுவரில் கித்தாரோடு நாலு பெடியன்கள். காலையில் ரொக் பாட்டு. அந்த நாலு பேரும்தான் பீற்றில்ஸ் என்ற பாட்டுக் குழு. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். பீற்றில்ஸ் இந்த ஊரில் பாடித் திரிந்த காலத்தில் பதினாறு, பதினேழு வயதாக இருந்தவர்கள்தான் இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார்கள்.

அந்த ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மூளை மட்டும் கத்தி மாதிரி. ரைப்பிங் வேலைக்குப் போன காலத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மத்தியூ வீதியில் இருந்த கவர்ன் கிளப்புக்கு ஓடுவாராம். நிலத்துக்குக் கீழே ஒரு நிலவறை. சுவரெல்லாம் வியர்வை வடியும், கக்கூஸ் கழுவும் மருந்து மணக்கும், அதற்குள் நெரிபட்டு நின்று பாட்டுக் கேட்பார்களாம். பீற்றில்ஸ் அங்கே 292 தடவை பாடியிருக்கிறார்கள் என்கிறார்கள். நானும் லீவு நாளில் போய்ப் பார்த்தேன். இப்போது இருப்பது 1984இல் திரும்பக் கட்டியது. ஆனாலும் படியிறங்கும்போது எனக்கு நெஞ்சு அடித்தது.

ஆச்சிக்கு அந்த நாலு பேரில் ஜோன் லெனன் மேல் உயிர். அவர் ஏற்கெனவே கலியாணம் கட்டியவர் என்று பிறகு தெரியவந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்தக் கலியாணத்தைக் கேளுங்கள். 1962 ஆவணியில், இதே ஊரில் மவுன்ட் பிளசன்ற் என்ற வீதியில் இருந்த பதிவுக் கந்தோரில், சிந்தியா என்ற தன்னோடு படித்த பெட்டையைக் கட்டினார். அவர் அப்போது பிள்ளைத்தாச்சி. வெளியே வீதி உடைக்கும் மெஷினின் சத்தத்தில் பதிவுகாரர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லையாம். அன்றிரவே மாப்பிள்ளை செஸ்ரர் என்ற ஊருக்குப் பாடப் போய்விட்டார். கலியாணம் கட்டியது தெரிந்தால் ரசிகைகள் விட்டுவிடுவார்கள் என்று மனேஜர் எப்ஸ்ரைன் அதை மறைக்கச் சொன்னார். சிந்தியா தாலி கட்டாத மனுசி மாதிரி ஒளிந்து இருந்திருக்கிறார். 1964 மாசியில் அமெரிக்காவில் 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்த ரீவி நிகழ்ச்சியில், ஜோனின் முகத்துக்குக் கீழே "மன்னிக்கவும் பெண்களே, இவர் மணமானவர்" என்று எழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில்தான் களவாகப் பதிவு எழுதுவார்கள், வெள்ளைக்காரருக்கு ஒளிவு மறைவு இல்லை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அக்கா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலை ஆச்சியின் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டு நின்றேன். என்னை அறியாமலே எதையோ முணுமுணுத்திருக்கிறேன். "நில், திரும்பப் பாடு" என்றார். எனக்கு வார்த்தை தெரியாது, மெட்டு மட்டும்தான். வெட்கத்தோடு முனகிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாட்டுச் சரி. ஏன் நடுவில் இப்படி இழுக்கிறாய்?" என்று கேட்டார்.

"அந்தப் பாட்டு அப்படித்தான்" என்றேன். "இல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த ஸ்பீக்கரிடம் பாட்டின் பேரைச் சொன்னார். முதலில் ட்ரம்மில் ஒரு சின்ன உருட்டு. பின்னாலேயே அந்தக் கித்தார். அக்கா, தலையணை உறை கையில் இருக்க நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அந்தக் கசெற்றின் முதல் பாட்டு. உங்கள் கசெற்.

1992. சண்டைக் காலம். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. நீங்கள் விறாந்தைத் தூணோடு சாய்ந்து இருப்பீர்கள், சிக்கன விளக்கைக்கூட நூர்த்துவிட்டு. பாதிப் பாட்டில் எனக்குக் கை உளையும். சில்லின் வேகம் குறையும், பாட்டும் இழுபடும், பாடுகிறவருக்கு அழுகை வந்த மாதிரி. "தம்பி, சுத்தடா" என்பீர்கள். திரும்ப வேகமெடுக்கும். முப்பத்துமூன்று வருடமாக அந்தப் பாட்டு நடுவில் அழும் என்றே நான் நினைத்திருந்தேன். அது என் கை களைத்தது.

பாட்டின் பேர் "சம்திங்". பீற்றில்ஸில் ஜோர்ஜ் ஹரிசன் எழுதியது, 1969இல் "அபே றோட்" இசைத்தட்டில் வந்தது. ஆச்சி ஒவ்வொரு வரியாக எனக்கு விளங்கப்படுத்தினார். அவளிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்பதுதான் பாட்டு முழுக்க. எங்கள் படப் பாட்டுகளில் நிலவைப் பறித்துத் தருவேன், உயிரைத் தருவேன் என்பார்கள். இதில் ஒரு வாக்குறுதியும் இல்லை. நடுவில், உன் அன்பு இன்னும் வளருமா என்று கேட்கிறாய், எனக்குத் தெரியாது என்கிறார். தெரியாது, தெரியாது என்று உச்சத்துக்குப் போய்ச் சொல்கிறார். என் கை களைத்து இழுபட்ட இடம் அதுதான் என்று நினைக்கிறேன். இவ்வளவு நேர்மையான காதல் பாட்டை நான் கேட்டதில்லை.

அந்தக் கசெற்றைத் தந்தவர் உங்களுக்கு எதைச் சொல்லித் தந்தார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு அப்போதே விளங்கியதா? உங்கள் இங்கிலீசு எப்போதும் என்னுடையதை விட நல்லது.

இந்தப் பாட்டு யாருக்காக என்று ஒரு கதை இருக்கிறது. ஹரிசனின் மனைவி பற்றீஷியா பொய்ட். பீற்றில்ஸின் முதல் படத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாகத் தலைகாட்ட வந்தபோது சந்தித்து, 1966இல் கட்டினார்கள். தனக்காகத்தான் எழுதியது என்று ஹரிசனே சொன்னதாக அந்த மனுசி 2007இல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். ஹரிசன் பின்னாளில், அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் பாடுவதை மனதில் வைத்து எழுதினேன் என்றார். நான் மனுசியின் பக்கம். ஒரே வீட்டில் இருந்து கேட்டவருக்குத் தெரியாதா?

கசெற்றின் மற்றப் பக்கத்தில் ஒரு பாட்டு வரும், அம்மா குசினிக்குள் இருந்து "உதென்ன கத்தல்?" என்று ஏசுவா, நினைவிருக்கிறதா? அதன் பேர் "லைலா". ஹரிசனின் கூட்டாளி எரிக் கிளப்ரன் 1970இல் பாடியது. அதுவும் அதே பற்றீஷியாவுக்குத்தான்! கூட்டாளியின் மனைவி மேல் ஆசை வைத்துவிட்டு, வெளியில் சொல்ல முடியாமல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஜாமி என்ற பாரசீகப் புலவர் பாடிய லைலா மஜ்னு கதையிலிருந்து பேரை எடுத்து மறைத்துக்கொண்டார். நீங்கள் எனக்கு அகத்திணை படிப்பித்தபோது, தலைவன் தலைவியின் பேரைச் சுட்டிச் சொல்லக்கூடாது, அதுதான் மரபு என்று சொன்னீர்களே. கிளப்ரனும் பேரை மறைத்தார், ஆனால் உலகம் கண்டுபிடித்துவிட்டது.

அந்தப் பாட்டை ஒரு அறையில் வைத்து பற்றீஷியாவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம் கிளப்ரன். அதைக் கேட்டபோது பற்றீஷியாவுக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? ஐயோ, இது என்னைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியப் போகிறதே என்பதுதான். இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். கொக்குவிலில் ஒரு பெட்டை படலையடியில் நின்று நினைப்பதும் இதைத்தானே.

நாலு வருடத்துக்குப் பிறகு பற்றீஷியா ஹரிசனை விட்டுப் பிரிந்தார், 1979இல் கிளப்ரனைக் கட்டினார். அதுவும் நிலைக்கவில்லை, குடி. உலகமே கேட்ட பாட்டுக்குரியவராக இருந்தும் வீட்டுக்குள் தனிமைதான். ரொக் பாட்டுகளைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோரும் பாடியவரின் வேதனையைத்தான் கதைக்கிறார்கள். பாடப்பட்ட பெண் என்ன பாடுபட்டார் என்று ஆச்சி ஒருவர்தான் என்னோடு கதைத்தார்.

என்னோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்திக்கு பிளீற்வூட் மக் என்ற ரொக் குழு என்றால் பைத்தியம். 1977இல் அவர்களின் ஒரு இசைத்தட்டு வந்தது, அதைச் செய்யும்போது குழுவுக்குள்ளேயே இரண்டு சோடி பிரிந்துகொண்டிருந்தது. கிறிஸ்ரின் மக்வீ தன் புதுக் காதலைப் பற்றி ஒரு பாட்டு எழுதிவிட்டு, பிரிகிற புருசனிடம் அது என் நாயைப் பற்றியது என்று சொன்னாராம். அந்த மனுசனும் அதற்கு பேஸ் கித்தார் வாசித்திருக்கிறார். மற்றச் சோடியில் லின்ட்சி பக்கிங்ஹாம், நீ உன் வழியில் போ என்று எழுதிய பாட்டுக்கு, அந்த "நீ"யான ஸ்ரீவி நிக்ஸே பின்குரல் கொடுத்தார். பிறகும் வருடக்கணக்காக ஒரே மேடையில் நின்று பாடினார்கள். எங்கள் வீட்டில் ஒரு பேரைச் சொல்லாமலே முப்பது வருடத்தைக் கடத்திவிட்டோம். இவர்கள் முறிந்ததையும் மைக்கின் முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிவு வந்தது.

அக்கா, அந்தக் கசெற்றை யார் தந்தது என்று அம்மாவிடம் சொன்னது நான்தான்.

நீங்கள் பக்கத்து வீட்டு மாமி என்று நினைத்திருந்தீர்கள். மாமி இல்லை. அன்றைக்கு என் கை கொப்பளித்திருந்தது, இனிச் சுற்றமாட்டேன் என்றேன், நீங்கள் ஏசினீர்கள். அந்தக் கோபத்தில் குசினிக்குள் போய், ஒழுங்கை முடக்கு வீட்டு அண்ணாதான் தந்தவர், அவருடைய தமையன் கப்பலில் இருந்து கொண்டுவந்தது, உள்ளே ஒரு துண்டும் இருந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினொரு வயது என்பது ஒரு சாட்டுத்தான், எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டுக்குப் போனதும், அடுத்த வருடம் அண்ணா கிளாலிக் கடல்வழியால் ஊரை விட்டுப் போனதும், பிறகு ஒரு கடிதமும் வராததும் உங்களுக்குத் தெரியும். 95இல் ஐப்பசி முப்பது இரவு சனத்தோடு சனமாக நாங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நீங்கள் அலுமாரியைத் திறந்து அந்தக் கசெற்றைக் கையில் எடுத்துவிட்டு, திரும்ப வைத்ததை நான் பார்த்தேன். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

நீங்கள் என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை. படிப்பித்த காசில் எனக்கு ரியூசன் கட்டினீர்கள், இங்கே வர நகையைத் தந்தீர்கள். மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதத்தான் முடிகிறது. மன்னியுங்கள், அக்கா.

இரண்டு பாட்டையும் வட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கு மட்டும் அனுப்புகிறேன். அம்மா நித்திரை கொண்ட பிறகு, காதில் மாட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், நான் கேட்கமாட்டேன். கேட்டால், "சம்திங்" நடுவில் வரும் இடத்தைக் கவனியுங்கள். இப்போது இழுபடாது.

அம்மாவின் பிரஷர்க் குளிசைக்கு வரும் வெள்ளிக்கிழமை காசு போடுகிறேன். கிணற்றடி மதில் இன்னும் சாய்ந்திருந்தால் மழைக்கு முதல் மேசனைக் கூப்பிடுங்கள். ஆச்சி உங்களைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி