புதுச்சேரியில் இரண்டான நட்சத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆல்பா சென்டாரி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்த இரட்டை நட்சத்திரத்தில் பெரியதைச் சுற்றி ஒரு கோள் இருப்பதற்கான அறிகுறி ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் தெரிந்ததாக 2025 ஆகஸ்டில் வெளியான செய்தியையும், அது இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் கட்டுரையாளர் பொறுப்போடு எழுதியிருந்தார். ஆனால் கூடவே போட்டிருந்த பெட்டிச் செய்தியில், இந்த நட்சத்திரத்தைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோதான் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அது தவறு. அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூரில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வைகாசி பாதிக்கு மேல், இரவு பத்து மணி வாக்கில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நேர் தெற்கே பார்த்து நின்றால் ஆல்பா சென்டாரி தெரிகிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்துத் தொடுவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரம், கணக்காகச் சொன்னால் 17 பாகை. அங்கே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் மஞ்சளாக, அதிகப் பிரகாசமாக இருப்பது ஆல்பா. வலப்பக்கம் நீலம் கலந்த வெண்மையில் இருப்பது பீட்டா சென்டாரி என்ற வேறொரு நட்சத்திரம். அந்த இரண்டையும் இணைத்து வலப்பக்கமாகக் கோடு இழுத்தால் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தில் போய் நிற்கும். கன்னியாகுமரியில் இது இன்னும் நாலு பாகை உயரம். டெல்லியில்தான் தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டு, இருந்தும் இல்லாத மாதிரி. லண்டனில் என்றைக்கும் உதிக்காது. அங்கே உட்கார்ந்து எழுதிய புத்தகங்களைப் பார்த்தே நாம் நம் வானத்தையும் படித்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

இதைவிட முக்கியமான ஒன்றும் அந்தக் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் இந்த நட்சத்திரம் உண்மையில் இரண்டு என்று முதலில் கண்டுபிடித்தது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில். 1689 டிசம்பர். ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, சயாமில் (இன்றைய தாய்லாந்து) 1688-இல் நடந்த அரசியல் புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்தவர். அப்போது தென்பட்ட ஒரு வால்நட்சத்திரத்தைத் தன் 12 அடி நீளத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆல்பா சென்டாரியும் அவர் கண்ணில் பட்டது. ஒன்றல்ல, இரண்டு என்று குறித்து வைத்தார். டிசம்பரில் இந்த நட்சத்திரம் விடியலுக்குச் சற்று முன்புதான் தென்கிழக்கில் தலைகாட்டும். கடல் மூட்டத்துக்குள் அவ்வளவு தாழ்வாக இருந்ததை அந்தக் காலத்துக் கண்ணாடியில் ஒருவர் பிரித்துப் பார்த்தார் என்பது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. தென்சிலுவையின் அடியில் இருக்கும் நட்சத்திரமும் இரட்டை என்று நாலு வருடம் முன்பு, 1685-இல், நன்னம்பிக்கை முனையில் ஃபோந்தனே என்ற இன்னொரு இயேசு சபைத் துறவி பார்த்திருந்தார்.

நம் கல்யாணங்களில் வடக்கே பார்த்து அருந்ததி காட்டுகிறோம். அருந்ததி, வசிஷ்டர் என்ற அந்த ஜோடியைக் கூர்ந்த கண்ணே பிரித்துவிடும். தெற்கே இருக்கும் இந்த ஜோடிக்குச் சின்னத் தொலைநோக்கியாவது வேண்டும். ஓய்வூதியப் பணத்தில் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று வாங்கி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறேன். விளக்குகளைத் தாண்டி மணலில் கொஞ்ச தூரம் நடந்துவிடுவோம். உயரம் குறைவு என்பதால் காற்றில் பிம்பம் ஆடும். ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். காற்று ஒரு நொடி அடங்கினால் போதும், பளிச்சென்று இரண்டாகப் பிரியும். போன வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெகுநேரம் கண்ணை எடுக்காமல் இருந்துவிட்டு, "டீச்சர், தூரத்துல வர்ற பஸ்ஸோட ஹெட்லைட்டு மாதிரி ரெண்டு தெரியுது டீச்சர்!" என்று கத்தினாள். ஒரு ஹெட்லைட் கொஞ்சம் மங்கல், அது லேசாக ஆரஞ்சு என்று அவளே சேர்த்துச் சொன்னாள். சரிதான். பெரியது நம் சூரியனின் அதே வகை, அதைவிடச் சற்று எடை கூட. சின்னது சூரியனைவிட எடையும் வெப்பமும் குறைந்தது.

இரண்டும் 4.37 ஒளியாண்டு தூரத்தில், ஒன்றையொன்று சுற்றி வர ஏறக்குறைய 80 வருடம் எடுத்துக்கொள்கின்றன. பாதை நீள்வட்டம் என்பதால், நெருங்கும்போது இடைவெளி சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். விலகும்போது நெப்டியூனையும் தாண்டும். ரிஷோ பார்த்ததற்கு நாலு சுற்று கழித்து, 2009 வாக்கில், அவர் பார்த்த அதே நிலைக்கு இரண்டும் திரும்ப வந்தன. கடைசியாக மிக நெருங்கியது 1955-இல். நான் பிறந்ததும் அந்த வருடம்தான். அடுத்து நெருங்கப் போவது 2035-இல், எனக்கு எண்பது வயதாகும்போது. (மூன்றாவதாக ப்ராக்சிமா என்று ஒரு மங்கலான தம்பியும் உண்டு. 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இன்னஸ் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார். நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான், 4.24 ஒளியாண்டு. ஆனால் என் தொலைநோக்கிக்கு அது எட்டாது.)

இதில் அவசரம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நாம் பாதையைச் சாய்வாகப் பார்ப்பதால், நம் கண்ணுக்கு இந்த ஜோடி 2016 வாக்கில் நெருங்கித் தெரிந்து, இப்போது வருடா வருடம் விலகிக்கொண்டு வருகிறது. 2029 வரை இப்படியே விலகும். பிறகு மறுபடி ஒட்ட ஆரம்பித்து, 2037 வாக்கில் சிறிய தொலைநோக்கியில் பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். பள்ளிக்கூடங்களில் இருக்கும் தொலைநோக்கிகளை அலமாரியிலிருந்து எடுக்க இந்த மூன்று நாலு வருடங்கள்தான் நல்ல நேரம்.

அதனால் திருத்தத்தோடு நின்றுவிடாமல், வைகாசி இதழில் தெற்கு வானத்தின் படம் ஒன்றை அரைப்பக்கத்துக்குப் போடுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் என்று சென்னைக்கும் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். கணக்குப் போட்டுத் தர நான் தயார். படத்தின் ஓரத்தில் 1689, புதுச்சேரி, ழான் ரிஷோ என்று ஒரு வரி இருக்கட்டும்.

கட்டுரையாளரையும் தேவனாம்பட்டினத்துக்கு வரச் சொல்லுங்கள். மேகமில்லாத இரவாகப் பார்த்து, ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டால் நல்லது. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கடலூர்.